ஏரியில் மூழ்கிய கைடு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகமாக இருக்கிறோம். மாமாவின் முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் தகராறு செய்கிறது, வெயில் ஏறினால் சமாதானமாகிவிடும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் செய்தால் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தால், "இங்க ஒரே சத்தம், லெட்டர் போடுக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னாலே உனக்குக் காய்ச்சல் வரும். அப்படிப்பட்டவன் லெட்டர் கேட்கிறாய். சரி, கேட்டதைக் கொடுக்கிறேன், உட்கார்ந்து படி.

ஏரியைத் திறந்துவிட்டார்கள். கொரோனா வந்து படகுத்துறைக்குப் பூட்டுப் போட்டபோது நீ என்ன சொன்னாய்? "ஒரு மாசம்க்கா, அதுக்குள்ள திறந்துடுவாங்க" என்றாய். நீ பையைத் தூக்கிக்கொண்டு வேலை தேடிப் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. நம்முடைய மூன்று படகுகளும் கரையில் கவிழ்ந்து கிடந்ததில் ஒன்றுதான் தேறியது. மற்ற இரண்டுக்கும் அடிப்பலகை உளுத்துப்போய்விட்டது. பழைய சாமான் கடைக்காரர் வந்து அவற்றை விரலால் குத்திப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மனிதர் குத்திய இடத்தில் எனக்கு வலித்தது.

ஆனால் நல்ல செய்தி இருக்கிறது. சுற்றுலாத் தொழில் செய்கிறவர்கள் மீண்டு வருவதற்கு அரசாங்கம் உதவி கொடுக்கிறது. படகைப் பழுதுபார்த்துக் கொடுப்பார்கள், எஞ்சினுக்குக் கொடுப்பார்கள், ஒரு வருஷத்துக்குச் சம்பளத்தில் பாதியையும் அவர்களே தாங்குவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முன்பு நம்மிடம் வேலை செய்தவர்கள் எல்லாரும் திரும்ப வேலையில் இருக்க வேண்டும். நம்மிடம் யார் இருந்தார்கள்? டிக்கெட்டுக்கு நான், எஞ்சினுக்கு மாமா, கைடாக நீ. மூன்று பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி வந்து பார்ப்பதற்குள் நீ வந்துவிடு. இந்த உதவி வந்தால் மூன்று படகும் ஓடும். வராவிட்டால் பழைய சாமான் கடைதான். அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் நீ வரப்போகிறாய்.

எப்போது கிளம்புகிறாய் என்று எழுது.

உன் அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். மாமாவையும் அவருடைய முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்.

ஏரி திறந்ததைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். உதவி கிடைக்கும், கவலைப்படாதே. நீ கேட்டு யார் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே கிடங்கில் வேலை சுலபம். பெட்டி வரும், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அலமாரியில் வைக்க வேண்டும். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எங்கள் சூப்பர்வைசர் மற்றவர்களிடம் என்னைக் காட்டி, "அந்த அமைதியான தம்பியைப் பாத்துக் கத்துக்கங்க" என்கிறார். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஊரெல்லாம் 'ரேடியோ' என்று கூப்பிட்ட ஒருவனுக்கு இப்படி ஒரு நல்ல பெயர்.

வருவதைப் பற்றி. இப்போது லீவு கேட்டால் கொடுக்கமாட்டார்கள். அடுத்த மாதம் பார்க்கிறேன். அதற்குள் அவசரம் என்றால் என் பெயருக்குப் பதிலாக வேறு யாருடைய பெயரையாவது எழுதிக்கொள்ளேன். பேசத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருத்தன்தானா? மாமாவே பேசலாம். அவருக்கு ஏரியைப் பற்றித் தெரியாததா?

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீ சுகம் என்று எழுதியிருந்தாய். என்ன சாப்பிடுகிறாய், யார் சமைக்கிறார்கள், ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

நான் உன்னை லீவுக்கா கூப்பிட்டேன்? வேலைக்குக் கூப்பிட்டேன். வேறு பெயர் எழுத முடியுமா என்று கேட்க ஆபீசுக்குப் போனேன், என் கௌரவத்தையும் விட்டு. அங்கே இருந்த குமாஸ்தா, "வேலை போனவங்களைத் திரும்பச் சேக்கறதுக்குத்தாம்மா இந்த உதவியே. புது ஆளை வச்சுக்கிட்டா அது வேற கதை" என்றார். ஆகவே நீதான்.

மாமா பேசலாம் என்று யோசனை சொன்னாயே, பேசினார். தேறிய படகுக்குப் பெயிண்ட் அடித்து முதல் ட்ரிப் விட்டோம். துறையை விட்டுக் கிளம்பியதும், "இது ஏரி" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நடு ஏரிக்குப் போனதும், "இதுவும் ஏரிதான்" என்றார். அதற்குப் பிறகு கரைக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது ஒரு பெண், கைடு இல்லையா என்று கேட்டாள். மாமா தன்னைத்தான் காட்டிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் நானே ஏறினேன். ஆழம் எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்தப் பக்கம் தெரியும் மலையின் உயரம் என்ன, எல்லாம் உண்மை, ஒன்றுகூடப் பொய் கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை தூங்கிவிட்டது. அதன் அப்பாவும் தூங்கிவிட்டார். நீ அதே ஏரியை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் அளந்தாய், ஒருத்தராவது கண் மூடினார்களா? உன்னைத் திட்டிக்கொண்டே உன் அருமையை நினைத்துக்கொண்டேன்.

சீக்கிரம் வந்து சேர்.

உன் அக்கா

*

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்பதற்கு முன் வேறு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீ இருக்கிறாயா?

போன மாதம் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. போனை அணைத்தே வைத்திருக்கிறாய். கிடங்கின் நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். யாரோ எடுத்து, "அவர் லீவுங்க" என்றார். லீவே கிடைக்காது என்று எழுதியவனுக்கு லீவு. லீவில் எங்கே போனாய்? இங்கே வரவில்லை. சரி, வாலிபப் பையன், யாரையாவது பிடித்துப்போயிருந்தால் அதையாவது சொல்லித் தொலை. நான் என்ன கழுத்தையா நெரிக்கப்போகிறேன்? அழைத்துக்கொண்டு வா, இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

இங்கே என் பேச்சு தேறிவிட்டது. இப்போதெல்லாம் யாரும் தூங்குவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் இறங்கிப் போய்விட்டு, மறுபடி டிக்கெட் எடுத்து ஏறியது. மாமாகூட, "நல்லா இருந்துச்சு" என்றார். அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வந்தால் அது இருநூறு வார்த்தைக்குச் சமம் என்று உனக்கே தெரியும். அப்படி என்னதான் சொல்கிறாய் என்று கேட்காதே. சொல்லமாட்டேன். கடிதம் போடாதவனுக்கு அதெல்லாம் கிடையாது.

அதிகாரி ஜூன் மாதம் வருவாராம். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்களாம். எனக்குப் பயமில்லை. ஆனால் நீ வர வேண்டும்.

உன் அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

யாரையும் பிடித்துப்போகவில்லை. பிடித்துப்போனால் முதலில் உன்னிடம்தான் சொல்வேன்.

நீ கைடாக நிற்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்படியே தொடர்ந்து செய், அக்கா. என்னைவிட நன்றாகச் செய்வாய். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. மாமா சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் சிரிக்கிறார் என்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று பிறகு விசாரிக்கிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

நான் படகில் சொல்லும் கதையை உன்னிடம் மறைத்தேன். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். ஏப்ரலில் ஒரு நாள் பழைய பயணி ஒருத்தி ஏறினாள். "முன்னாடி ஒரு கைடு இருப்பாரே, வாய் ஓயாம பேசுவாரே, அவர் எங்கே?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் தபால்காரர் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். படகு நடு ஏரியில் அந்தப் பெரிய பாறைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. தண்ணீரைக் காட்டி, "இங்கதான்" என்றேன்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என் வாயைப் பார்த்ததே இல்லை. அதை எப்படி விடுவது? தொடர்ந்து அடித்துவிட்டேன். அந்தக் கைடு, ஏரிக்கு அடியில் அரண்மனை இருக்கிறது என்று தினமும் புளுகிக்கொண்டிருந்தான். ஒரு பயணி, "இருந்தா காட்டு பாக்கலாம்" என்று சவால் விட்டார். ரோஷக்காரன், குதித்துவிட்டான். வெளியே வரவே இல்லை. பாறையோரம் குமிழி வருகிறதே, பார்த்தீர்களா? இன்னும் கீழே பேசிக்கொண்டேதான் இருக்கிறான்.

பாறையோரம் எப்போதும் குமிழி வரும், உனக்குத் தெரியும். அதைப் பார்த்ததும் சிலர் கைகூப்பினார்கள். அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். நாளுக்கு நாள் மெருகேற்றினேன். ஒரு ட்ரிப்பில் நீ நல்லவன், ஒரு ட்ரிப்பில் தறுதலை, கூட்டத்தைப் பார்த்துச் சொல்வேன்.

போன வாரம் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் டிக்கெட் எடுத்து ஏறினார். கதை முடிந்ததும் மெதுவாக, "அந்தக் கைடு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். "என் கூடப்பிறந்த தம்பிங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அன்று கண்ணீர்கூட நன்றாக வந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "அப்ப இதுல கைடுன்னு நீங்க பேர் எழுதிக் குடுத்திருக்கிற தம்பி?" என்றார்.

அவர்தான் அதிகாரி.

கதைக்காகச் சொன்னேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. செத்துப்போனவர் பெயரில் உதவி கேட்கிறவர்களை ஏற்கெனவே சிலரைப் பிடித்திருக்கிறாராம். உயிரோடு இருக்கிறான் என்றால் ஜூலை முடிவதற்குள் ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நம் குடும்ப வியாதி. இனி லீவு, சூப்பர்வைசர் எல்லாம் எடுபடாது. நீ வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். உயிரோடு இருப்பதைத் தவிர உன்னிடம் நான் வேறென்ன கேட்டேன்?

உன் அக்கா

*

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பக்கத்து அறைக்காரர் ஓடிவந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அதனால் இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை.

நீ சொல்லும் கதையில் முக்கால்வாசி உண்மை, அக்கா.

இங்கே வந்த வருஷமே எனக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்தேன், ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. நீயும் மாமாவும் அப்போது வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நிலை. சொன்னால் நீ தடுப்பை உடைத்துக்கொண்டு வந்திருப்பாய். அதனால் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்றிருந்தேன், தள்ளிப்போய்விட்டது. இந்த ஏப்ரலில் திரும்ப நெஞ்சில் சளி கட்டி மறுபடி படுத்துவிட்டேன். நீ லீவு என்று கேள்விப்பட்டது அதைத்தான். பஸ்ஸில் எழுதினேன் என்றது பொய். கட்டிலில் எழுதினேன்.

போன் வேண்டாம் என்றது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசினால் எனக்கு மூச்சு இரைக்கிறது. நீ கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய். கிடங்கில் பேசாமல் வேலை செய்யலாம், அதனால்தான் இங்கே இருக்கிறேன். நான் அமைதியான தம்பி ஆனது விரும்பி அல்ல.

கைடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். பேச முடியாத கைடை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? படகில் ஒரு பயணி உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு, உன் முகத்தையும் மாமா முகத்தையும் பார்த்துக்கொண்டு நான் இருக்கமாட்டேன். எனக்கு அது வெட்கம். அந்த அதிகாரியிடம், தம்பி செத்துவிட்டான் என்று சொன்னது நிஜம்தான் என்று சொல்லிவிடேன். உதவி போனால் போகட்டும். ஒரு படகு ஓடுகிறதல்லவா, நீ இருக்கும்வரை அது ஓடும்.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

*

ஜூலை 2

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தைப் படகுத்துறையில் நின்று படித்தேன். மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். பயணிகளை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

தினமும் அந்தப் பாறையைக் காட்டி உன்னைக் கொன்றிருக்கிறேன். நீ ஆக்ஸிஜனோடு படுத்துக்கிடந்திருக்கிறாய். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. வெட்கமாம். யாரிடம் வெட்கம்? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவளிடமா?

செத்துவிட்டான் என்று சொல்லச் சொல்கிறாய். இன்னொரு தடவை அப்படி எழுதினால் நானே வந்து உன்னை இழுத்துக்கொண்டு வருவேன்.

ஏரிக்கு அக்கரையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் அந்த அதிகாரியின் ஆபீஸ். போனேன். உன் உடம்பு விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உயிரோட இருந்தா மட்டும் போதாதும்மா. கைடு வேலையைச் செய்யணும். அவர் வந்து ஒரு ட்ரிப் தனியா செய்யட்டும், நான் உக்காந்து பாக்கறேன். நீங்க படகுல இருக்கக்கூடாது. இருந்தா அவருக்கும் சேத்துப் பேசிடுவீங்க."

செய்வான் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்வாய். பேச்சு உனக்கு நுரையீரலில் இருந்தா வந்தது?

கிளம்பி வா.

அக்கா

மாமா எழுதுவது: நீ உக்காரும் பின்பக்கப் பலகை காலியா இருக்கு. படகு ஒரு பக்கமா சாயுது. வா.

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே கொஞ்சம் சுகம்.

மாமா எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இதற்குப் பிறகு வராமல் இருக்க முடியுமா?

அடுத்த வெள்ளி சாயங்காலம் வருகிறேன். சனிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. ட்ரிப் முடிந்ததும் என்னை அக்கரையில் இறக்கிவிடச் சொல், அங்கிருந்தே பஸ் ஏறிவிடுகிறேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ நம்புகிறாய், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி

*

ஜூலை 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் சுகம். திரும்பிப் போன பிறகு மூச்சு எப்படி இருக்கிறது? மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்.

நீ வந்து இறங்கியபோது உன் சட்டை உன்மேல் தொளதொளவென்று தொங்கியது. உன்னைத் திட்ட மனசு வரவில்லை, சட்டையைத்தான் திட்டினேன். சாப்பாட்டை நீ மெதுவாக மென்று சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் சாப்பிடும்போதுகூட உன் வாய் ஓயாது.

ஆனால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது. என்னைக் கரையில் நிறுத்திவிட்டுப் போனீர்கள். படகு கிளம்பியது, நடு ஏரிக்குப் போனது, பாறையருகே எஞ்சின் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்றதும் என் உயிரும் நின்றுவிட்டது. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்து முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிவிட்டேன். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தண்ணீர்மேல் சிரிப்புச் சத்தம் வந்தது. படகு முழுக்கச் சிரித்தது. பிறகு மறுபடி அமைதி. அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள். படகு அக்கரைக்குப் போனது, நீ பஸ்ஸுக்குப் போனாய், அதிகாரி ஆபீசுக்குப் போய்விட்டார்.

மாமா திரும்பி வந்தார். என்ன ஆச்சு என்றேன். "நல்லா இருந்துச்சு" என்றார். என்ன பேசினான் என்றேன். "பேசினான்" என்றார். இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிற எனக்குத்தான் அரசாங்கம் உதவி கொடுக்க வேண்டும். சாப்பாடு கிடையாது என்றுகூட மிரட்டிப் பார்த்தேன். "அவனையே கேளு" என்று படுத்துவிட்டார்.

ஆபீசிலிருந்தும் ஒரு தகவல் இல்லை. போய்க் கேட்டால் அதிகாரி வெளியூர் போயிருக்கிறாராம். உதவி உண்டா இல்லையா, நீ வருவாயா மாட்டாயா, ஒன்றும் தெரியாமல் இருக்கிறேன். ஒன்றுவிடாமல் எழுது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன், மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன். மாமாவுக்குச் சாப்பாடு போடு, பாவம்.

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உதவி கிடைத்துவிட்டது. மாமா படகைத் திருப்பிக்கொண்டு போனதும் அந்த அம்மாள் அக்கரையில் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டார். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள வேலையில சேந்துடுங்க. காகிதம் மேல போய் வரக் கொஞ்ச நாளாகும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். இதை அன்றைக்கே உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. சூப்பர்வைசரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். நேற்றுச் சொன்னேன். "அமைதியான ஆள் போறியேப்பா" என்று வருத்தப்பட்டார். இந்த மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன், மூட்டை முடிச்சோடு.

இனி படகுக் கதை.

துறையை விட்டுக் கிளம்பியதும் எழுந்து நின்று பழைய மாதிரி ஆரம்பித்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும் அல்லவா? நாலு வார்த்தை வந்தது, இருமல் வந்துவிட்டது. பயணிகள் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்த மரியாதை என்னைக் கொல்லாமல் கொன்றது. அதிகாரி குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று மாமாவிடம் சொல்லத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பாறை வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டார்.

அக்கா, இத்தனை வருஷமும் அந்த எஞ்சினோடு போட்டி போட்டுத்தான் பேசியிருக்கிறேன். அது இல்லாமல் ஏரி எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. படகில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னேன்.

"இங்க ஒரு கைடு இருந்தான்."

மூச்சு வாங்கியது. நிறுத்தினேன். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ரொம்பப் பேசுவான்."

மறுபடி நிறுத்தினேன். ஒரு பெண், "அப்புறம்?" என்றாள். நான் கைடாக இருந்த காலம் முழுக்க 'அப்புறம்' என்று கேட்க ஒருத்தருக்கும் நான் இடம் விட்டதில்லை.

"எல்லாம் பொய்."

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பின்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவை நான் மூச்சு வாங்கும்போதும் அவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது என்று யாரும் நினைக்கவில்லை. கதையைத்தான் நிறுத்தி வைக்கிறேன் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க அக்கா அவனை இந்த ஏரியில கொன்னுட்டா."

"ஏன்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்.

"லெட்டர் போடலைன்னு."

நீ கேட்டது அந்தச் சிரிப்பைத்தான். மாமா சிரித்ததில் படகு ஆடியது. அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, "அந்தக் கைடு இப்ப எங்க?" என்று கேட்டார். காகிதத்தில் எழுத வேண்டுமே, கேட்டுத்தானே ஆக வேண்டும்.

நான் எழுந்து நின்றேன். எதையும் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"நான்தாங்க அது," என்றேன். "உயிரோட இருக்கேன்."

அந்த அம்மாள் அதை எழுதினார். அவருக்காகத்தான் சொன்னேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா. அதனால்தான் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் நடுவில் அமைதியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பரவாயில்லை, பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கும் சுகம் சுகம் என்றே எழுதினேன். உயிரோடு இருக்கிறேன் என்று இதுவரை ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை.

உன் தம்பி